பந்தயத்துக்கு உபயதாரர்: நன்கொடையா, வியாபாரச் செலவா?



சென்ற மாதம் ஒரு முகூர்த்த நாள். திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வந்த கூட்டத்தால் நம் கடையில் தேங்காய், கற்பூரம், தண்ணீர்ப் பாட்டில் என்று கை ஓயாத வியாபாரம். அந்த நேரம் பார்த்து இரண்டு இளைஞர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த நான்கு பக்க விண்ணப்பம்.

"அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்றான் ஒருவன்.

"தம்பி, கூட்டத்தைப் பாரு. எந்தக் கோயில் விசேஷம்? ரசீது போட்டுட்டு வாங்கிட்டுப் போ" என்று கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினோம்.

கோயில் விசேஷம் இல்லையாம். மோட்டார் சைக்கிள் பந்தயமாம். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மூன்று சுற்றுகள் கொண்ட ஒரு சிறிய தொடரை நடத்தப் போகிறார்களாம். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற பையன்கள், ஒர்க்ஷாப் மெக்கானிக்குகள், ஒன்றிரண்டு கல்லூரி மாணவர்கள். அதற்கு ஸ்பான்சர் வேண்டுமாம். விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்த்தால் முதல் வரியிலேயே "முதன்மை ஸ்பான்சர் ரூ.5 இலட்சம்" என்று இருந்தது. ஐந்து இலட்சத்துக்கு நாம் வருடம் முழுவதும் விற்கும் உப்பும் புளியும் கூட வராது. சிரித்துக்கொண்டே ஐந்நூறையே கொடுத்து அனுப்பினோம். இரவு கணக்கு எழுதும்போது 'தர்மம்' என்ற தலைப்பில் எழுதினோம்.

அப்படி எழுதியது தவறு என்று இப்போது தோன்றுகிறது. தவறு அந்தப் பையன்கள் பக்கமும் இருக்கிறது, நம் பக்கமும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மோட்டார் பந்தயம் என்றால் அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் பலர் கேட்பார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் நம் சென்னையின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது சோழவரத்தில் போட்டிருந்த விமான ஓடுதளந்தான் அவர்களுடைய பந்தயத் தடம். நம் சங்கத்தில் வயதான உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள். சோழவரத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பந்தயம் பார்க்கப் போன கதையைச் சொல்லுவார்கள். பிறகு அந்தக் கிளப்பே முயன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தடம் அமைத்தது. 1990ல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர்.

இதற்கு எதிரான ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் பெரும் செலவில் ஒரு தடம் கட்டினார்கள். 2011ல் எஃப்-1 பந்தயம் வந்தது. பெரிய டெலிபோன் கம்பெனி ஸ்பான்சர். கேளிக்கை வரித் தகராறு வேறு. மூன்றே ஆண்டுகள்; 2013ம் ஆண்டுப் பந்தயத்தோடு நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஆண்டுதோறும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய கடை திறந்து மூடுவதையும், சந்துக் கடை முப்பது வருடம் தாக்குப்பிடிப்பதையும் பார்த்தவர்கள் நாம். இது நமக்குப் புதிய பாடம் இல்லை.

சரி, இவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? டயர் கம்பெனிகள் என்பது எல்லோரும் அறிந்ததே. எம்.ஆர்.எஃப். நிறுவனம் எப்படித் தொடங்கியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய விளையாட்டுப் பலூன் தொழில் அது. 1952ல்தான் டயருக்கு மேல் ஒட்டும் ரப்பருக்கு வந்தார்கள். பலூன் விற்ற நிறுவனம் பிற்காலத்தில் பந்தயக் காருக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் தன் பெயரைக் கொடுத்தது. அதை அவர்கள் தர்மக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள் என்பது நமது தாழ்மையான கருத்து.

டயர் கம்பெனி கொடுப்பதில் ஆச்சரியம் இல்லை. டயர் தேய்ந்தால் டயர்தான் விற்கும். நம்மை யோசிக்க வைப்பது கோயம்புத்தூர்க் கதைதான். அங்கே எஸ்.கரிவரதன் என்பவர், லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர், மாருதி 800 இஞ்சினை வைத்து மலிவாக ஒரு பந்தயக் காரை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பையன்களும் ஓட்டலாம் என்ற நிலை அதனால் வந்தது. பின்னாளில் 2005ல் எஃப்-1 வரை போன நாராயண் கார்த்திகேயன் அந்தக் கார்களில் ஓட்டி வளர்ந்தவர்தான். கரிவரதன் 1995ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். அதே ஊரின் எல்.ஜி.பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் நிறுவனம், மோட்டார் சைக்கிளுக்குச் செயின் செய்கிறவர்கள், கார் வகைக்கே தங்கள் பெயரைக் கொடுத்து 'ஃபார்முலா எல்.ஜி.பி.' என்று நடத்தினார்கள். 2003ல் செட்டிப்பாளையம் பக்கம் திறந்த தடத்துக்குக் கரிவரதனின் நினைவாக 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், செயின் என்பது வண்டிக்கு அடியில் கிரீஸ் பூசிக் கிடக்கும் சரக்கு. யாரும் அதன் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை; மெக்கானிக் எதை மாட்டுகிறாரோ அதுதான். ஆனால் பந்தயம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்குகளும் ஒர்க்ஷாப் பையன்களும்தான். யார் வாங்கச் சொல்லுவார்களோ, அவர்கள் கண்ணில் படும்படி பெயரை வைத்தார்கள். நாம் மொத்த வியாபாரி கடையில் சின்னக் கடைக்காரர் கண்ணுக்கு நேரே எந்தப் பெட்டியை அடுக்குகிறோம் என்பதும் இதே கணக்குத்தானே!

மளிகைக்கும் பந்தயத்துக்கும் தூரம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் நாஸ்கார் என்ற கார் பந்தயத்தில் 1987ல் டாரல் வால்ட்ரிப் என்ற ஓட்டுநரின் கார் முழுவதும் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. அது டைடு. ஆமாம், நாம் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கும் அதே சோப்புத் தூள்தான். பந்தயத்துக்கு ஆண்கள் மட்டும் வருவதில்லை, குடும்பத்தோடு வருகிறார்கள், துணி துவைப்பவர்களும் வருகிறார்கள் என்று கண்டுபிடித்த பின் அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அந்த நாட்டுக் கிராமத்துச் சிறு தடங்களில் இன்றும் பழுது பார்க்கும் கடை, சாப்பாட்டுக் கடை, இரும்புக் கடை என்று உள்ளூர்க் கடைகளின் பெயர்களைத் தாங்கித்தான் கார்கள் ஓடுகின்றன.

நமக்கும் இது அந்நியமான வழக்கம் இல்லை. தென் மாவட்டங்களில் ரேக்ளா பந்தயத்துக்கும் ஜல்லிக்கட்டுக்கும் அண்டா, சைக்கிள், வெள்ளிக்காசு என்று யார் கொடுக்கிறார்கள்? ஜவுளிக் கடையும் பாத்திரக் கடையும்தான். மைக்கில் கடைப் பெயரைச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'ஸ்பான்சர்' என்ற சொல் வருவதற்கு முன்பே நம்மிடம் 'உபயதாரர்' இருந்தார். கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறோம் என்று நம்மைக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அந்த லைட் எரிகிற வரை பெயரும் எரிகிறது.

உபயம் என்ற சொல்லோடு இன்னொரு சொல்லையும் அந்தப் பையன்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்: மண்டகப்படி. பத்து நாள் திருவிழாவை ஒரே ஆள் தலையில் கட்டுவதில்லை. முதல் நாள் ஒரு தெருக்காரர்கள், இரண்டாம் நாள் எண்ணெய் வியாபாரிகள், மூன்றாம் நாள் வேறு ஒரு சமூகத்தார் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அவரவர் நாளில் அவரவருக்கு முதல் மரியாதை. ஒருவர் ஒரு வருடம் நொடித்துப் போனாலும் திருவிழா நிற்பதில்லை. பையன்கள் செய்த தவறு இங்கேதான். ஐந்து இலட்சம் தரக்கூடிய ஒருவரைத் தேடி ஐம்பது கடை ஏறி இறங்குகிறார்கள். ஐம்பது கடைக்கு ஐம்பது மண்டகப்படி என்று பிரித்திருந்தால் இதற்குள் பாதிப் பணம் சேர்ந்திருக்கும். ஒரு சுற்றின் ஆம்புலன்ஸ் ஒருவர் உபயம். கொடி காட்டும் மார்ஷல்களின் சாப்பாடு ஒருவர் உபயம். தண்ணீர் ஒருவர். கோப்பைகள் ஒருவர். வண்டி எண் எழுதிய பலகை ஒருவர். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வேறு பெயர் அதில் வரக்கூடாது.

உள்ளே போய் விசாரித்தபோதுதான் ஒரு பந்தய நாளுக்கு என்னென்ன செலவு என்று நமக்கும் தெரிந்தது. தடத்துக்கு வாடகை, டாக்டர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடு, நேரம் அளக்கும் கருவி, இன்சூரன்ஸ், மார்ஷல்கள் என்று நீளுகிறது. பரிசுத் தொகை என்பது கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய தொகைதான். இந்தச் செலவுக்கு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் அது நுழைவுக் கட்டணமாக ஓட்டுகிற பையன் தலையில் விழுகிறது. கட்டணம் ஏறினால் மெக்கானிக் பையன் விலகிவிடுவான். வசதியுள்ளவன் மட்டும் ஓட்டுவான். விலகியவன் வண்டியை விற்றுவிடுவானா? மாட்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவான்.

இதை எழுதும்போது நமக்கு மனம் கனக்கிறது. இந்தச் சாலையில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விடியற்காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். பால் வண்டி வருவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில், வரிசையாக ஐந்தாறு வண்டிகள் வீறிட்டுக்கொண்டு போகும். கோவளத்தைத் தாண்டியதும் சாலை நேராக இருப்பது அவர்களுக்கு வசதி. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. போலீசார் பிடிக்கிறார்கள், வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள். அடுத்த வாரம் வேறு பையன்கள். நம் கடைக்கு எதிரே ஒரு முறை விழுந்தவனுக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை தலைக்குக் கீழே கோணிச் சாக்கை மடித்து வைத்தோம். இருபது வயது கூட இருக்காது. நம் கடையில்தான் அவன் அம்மா மாதச் சாமான் வாங்குகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தடத்தில் ஓடினால் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2023ம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஜனவரியில் அனுபவம் மிக்க ஒரு மூத்த கார் ஓட்டுநரும், ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் பந்தயத்தில் உயிரிழந்தார்கள். நம் கடைப் பெயரை ஒட்டிய வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பெயர் கெடும் என்ற பயத்தை விட, கொடுத்த காசு ஓர் உயிரைக் காக்கும் இடத்துக்குப் போகவில்லையே என்ற வருத்தம்தான் பெரிதாக இருக்கும். அதனால்தான் கோப்பைக்கும் பேனருக்கும் முன்பாக ஆம்புலன்ஸ், டாக்டர், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு உபயம் கேளுங்கள் என்று பையன்களிடம் சொன்னோம். இன்சூரன்ஸ் பத்திர நகலையும், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அனுமதிக் கடிதத்தையும் காட்டாத எவருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாத பையன்களை ஓட்டவிடும் தொடருக்கு நம் பெயர் வேண்டாம் என்பது நம் சொந்த முடிவு. இதில் மாறுபடுபவர்கள் இருக்கலாம்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. பந்தயத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தாலும் சரி என்று இருக்கக்கூடாது. உலக அளவில் இந்தத் துறையை வளர்த்ததே சிகரெட் பணம்தான். 1968ல் லோட்டஸ் அணியின் கார்கள் கோல்டு லீஃப் சிகரெட்டின் நிறத்தில் ஓடின. நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையிலும் 2001 வரை சிகரெட் கம்பெனியின் பெயர் இருந்தது. 2003ல் வந்த புகையிலைச் சட்டம் விளம்பரத்தையும் விளையாட்டு ஸ்பான்சரையும் தடை செய்துவிட்டது. இப்போது பாக்கு, ஏலக்காய் என்ற பெயரில் அதே கம்பெனிகள் சுற்றி வளைத்து வருகின்றன. நாமும் பீடி சிகரெட் விற்கிறவர்கள்தான். யோக்கியம் பேச நமக்குத் தகுதி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். என்றாலும் பையன்களின் முதுகில் அதை ஒட்ட வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். நாம் 'தர்மம்' என்று எழுதியதால் நமக்கு நட்டம். விளம்பரத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு, பில் வாங்கிக் கொடுத்தால் அது வியாபாரச் செலவு; வருமான வரிக் கணக்கில் கழியும். சும்மா கொடுத்த நன்கொடை அப்படிக் கழியாது. ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். ஆகவே காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். ஸ்பான்சர் சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. நம் கடை கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்து, பந்தயம் நடத்துகிறவர் கம்பெனியாக இல்லாவிட்டால், அந்த வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாம்தான் கட்ட வேண்டும். நடத்துகிறவர் கம்பெனியாக இருந்தால் 2025 ஜனவரி 16 முதல் அவரே வசூலித்துக் கட்டவேண்டும். தனி உரிமையாளர் கடைக்கு இந்த ரிவர்ஸ் சார்ஜ் தொல்லை இல்லை. காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். எதற்கும் உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், தண்ணீர், பிஸ்கட் எல்லாம் நம்மிடம் கொள்முதல் விலையில் இருக்கிறது. பையன்கள் அதையே வெளியில் சில்லறை விலைக்கு வாங்க வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சரக்கு நாம் கொடுத்தால் அவர்களுக்கு அதற்கு மேல் மிச்சம். (சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டிவரும், அதையும் கணக்கில் கொள்க.) வாரா வாரம் ஆர்டர் எடுக்க வரும் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளை மறக்கக்கூடாது. குளிர்பானம், பிஸ்கட், சோப்பு என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. தனிக் கடைக்காரர் கேட்டால் அது கிடைக்காது. இருபது கடைக்காரர்கள் கையெழுத்திட்டு, சங்கத்தின் கடிதத்தாளில், ஏரியா மேலாளருக்கு எழுதினால் அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். இந்த வழியைப் பையன்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நாம்தான் சொல்லித் தர முடியும்.

திரும்ப என்ன கிடைக்கும்? பெரிய இலாபம் வரும் என்று ஆசை காட்ட மாட்டோம். இந்தக் கடற்கரை பெரிய கூட்டங்களைக் கண்டதுதான். 2018 ஏப்ரலில் நம் திருவிடந்தையிலேயே இராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். 2023ல் அங்கேயே சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி. 2024 ஆகஸ்டில் இங்கே காற்றாடித் திருவிழா. உலகமே வந்து போனது. நாம் தண்ணீர்ப் பாட்டிலும் சிப்ஸும் விற்றோம். வந்தவர்கள் திரும்ப நம் கடைக்கு வரப்போவதில்லை. இந்தப் பையன்கள் அப்படி இல்லை. கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும் கோவளத்திலும் இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக்கு மாதச் சாமான் போகிறது. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபின், வீட்டுப் பெண்கள் கூடப் பந்தயத்தைப் பற்றிக் கடையில் நின்று பேசுகிறார்கள். பந்தய அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தால் ஒரு கிலோ சர்க்கரைக்கு இரண்டு ரூபாய் குறைப்போம் என்று எழுதி ஒட்டினால், எத்தனை சீட்டு வருகிறது என்று கல்லாவிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம். பேனரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. சீட்டு பொய் சொல்லாது.

பையன்களை மறுபடியும் வரச் சொன்னோம். இந்த முறை மதியம் இரண்டு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில் வந்தார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, சுற்றுவாரியாக, செலவுவாரியாகக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தோம். "அண்ணாச்சி, உங்க கடைப் பேரை எங்கே போடட்டும்?" என்று கேட்டான். ஆம்புலன்ஸில் போடலாமா என்று கேட்டதற்குத் தயங்கினான். சாப்பாட்டுப் பந்தலில் போடச் சொன்னோம்.

முதல் சுற்றின் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி நம் கணக்கு. தண்ணீரை ஒரு மொத்த வியாபாரி ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆம்புலன்ஸுக்கு நான்கு கடைகள் சேர்ந்திருக்கின்றன. பருப்பும் எண்ணெயும் இன்னும் யாரும் எடுக்கவில்லை. விருப்பமுள்ள உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம்.